மறுபடி நிறுங்க

ஆளை மாத்தினா ஒரு அட்டை போடுவாங்க,
‘இனி இவருக்குப் பதில் இவர்’னு
வெள்ளை எழுத்துல.
போன வருசம் மாமனாருக்குப் போட்டாங்க.
நாத்தனாருக்கு ரெண்டு தரம்.
நாங்களும் ரெண்டு நாள் முறைச்சுப் பார்த்துட்டு
மூணாம் நாள் பழகிட்டோம்.

இளவேணிக்குப் போடவே இல்ல.
அதே முகம், அதே மூக்குத்தி,
கோவம் வந்தா இடது புருவம் மட்டும் ஏறுமே
அந்த நெத்தியும் அதேதான்.
உள்ள இருந்தவளை மட்டும்
யாரோ எப்பவோ
பாதி வழியில இறக்கி விட்டுட்டாங்க.
எந்த வெள்ளிக்கிழமைன்னு
கடலூர் முதுநகர் இறால் கொட்டகையில
பதினேழு பேர் உக்காந்து யோசிச்சும்
பிடிபடல.

போட்டு லேட்டா வர்ற நாள்ல
எட்டரைக்கும் தோல் உரிச்சிக்கிட்டிருப்போம்.
ஐஸ் பெட்டி மேல அஞ்சலாட்சி போன் சாஞ்சிருக்கும்.
விளம்பரம் வந்தா
முழங்கையாலதான் தள்ளணும்,
விரலெல்லாம் இறால்.

அப்ப அவ வேற.
இருபத்து மூணாம் எபிசோடு:
மாமியார் வீட்டு ஹால்ல
சீர் நகையை எடை போட்டுக்
குறையுதுன்னு சொல்றாங்க.
அப்பா தலை குனியறாரு.
இவ குனியல.
‘மறுபடி நிறுங்க.’
ரெண்டே வார்த்தை.
இறால் கையோட விரலை வாய்க்குள்ள விட்டு
விசிலடிச்சா மங்கவரம்.

மறுநாள் என் பேசினை
மூணு கிலோ அறுநூறுன்னு கலியமூர்த்தி எழுதறப்போ
அந்த ரெண்டு வார்த்தை வந்துடுச்சு,
என் வாயிலதான்,
ஆனா என் குரல் இல்ல அது.
மறுபடி நிறுத்தாரு.
நாலு கிலோ.
நானூறு கிராம்.
ராத்திரியெல்லாம் தூக்கமில்ல எனக்கு,
எத்தனை வருசத்து நானூறு கிராம்னு.

அதே இளவேணி நேத்து,
நானூத்திப் பதினெட்டாம் எபிசோடு,
கழுத்துச் செயினைக் கழட்டி அடகுக்குக் குடுத்துட்டு
‘வீட்டுக்குத்தானே அத்தை’ங்கிறா.
பின்னால புல்லாங்குழல் வேற.

கொட்டகையே கத்துச்சு.
கதை எழுதறவனை மாத்திட்டாங்கடின்னா மங்கவரம்.
நடிக்கறா, பொறு, வெள்ளிக்கிழமை வெடிப்பான்னா அஞ்சலாட்சி.
அஞ்சு வெள்ளியா இதையேதான் சொல்றா.
ஓரத்துல இருந்த புதுப்பொண்ணு
பாவம்க்கா அவளுக்கும் சம்பளம்தானேன்னு கேட்டு
எல்லார்கிட்டயும் வாங்கிக் கட்டிக்கிட்டா.

நான் வாயே திறக்கல.
என் செயின் போட்டு எஞ்சினுக்குப் போன அன்னைக்கு
பேங்க் வாசப்படியில நின்னு
நான் சொன்னதும் அதேதான்.
வீட்டுக்குத்தானே.
எனக்குப் புல்லாங்குழல் வாசிக்க யாருமில்ல,
சிதம்பரம் பஸ் ஆரன்தான் அடிச்சுது.
அதைச் சொல்லாத ஒருத்தி
தினம் அரை மணி நேரமாவது
எங்கயாவது இருக்கட்டும்னுதானே
மாசாமாசம் ரீசார்ஜ் பண்ணேன்?

புது ஆளைப் போட்டிருந்தாக்கூட
இவ அவ இல்லன்னு விட்டிருப்பேன்.
இப்ப எவகிட்ட போய்ச் சண்டை போட?

இன்னைக்குக் காலையில
தராசுக்குப் பின்னால கலியமூர்த்தி சிரிக்கறாரு.
அவர் வீட்டுலயும் அதே சேனல்தான்.
‘என்னக்கா, உங்க இளவேணியே அடங்கிட்டா போல?’
சொல்லிக்கிட்டே பேனா ஓடுது,
மூணு எழுநூறுன்னு.

நான் பேசினை எடுக்கல.
புருவமெல்லாம் ஏத்தத் தெரியாது எனக்கு.
வசனமும் வரல.
சும்மா நின்னேன்.
பின்னால அஞ்சலாட்சி அவ பேசினோட,
அதுக்குப் பின்னால மங்கவரம்,
அப்புறம் அந்தப் புதுப்பொண்ணு.
உப்பனாத்துக் காத்துல
வெளிய எங்கயோ தார்ப்பாய் அடிச்சிக்குது.

பேனா நின்னுடுச்சு.
பேசின்ல இருந்து ஐஸ் தண்ணி
சொட்டிச் சொட்டி
அவர் செருப்பு வரைக்கும் வந்துடுச்சு.